கலியபெருமாள் மாமாவின் பெயருக்கு நேரே வைத்த ரேகை

இதை யாரிடமும் காட்டாதே, மகளே. உன் அப்பாவிடமும் வேண்டாம். அவர் யாராக இருப்பார் என்று எனக்கு இன்னும் தெரியாது, இருந்தாலும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. எனக்கு இப்போது வயது பதினாறு, பதினோராம் வகுப்பு படிக்கிறேன். நீ பிறக்க இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. பிறக்காத பிள்ளைக்கு ஒருத்தி கடிதம் எழுதுவாளா என்று நீ சிரிக்கலாம். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவிடம் சொல்லப் போனால் வாய் வரமாட்டேன் என்கிறது. கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் விடிவதற்குள் குழாயடிக்குப் போய்விடும். கேட்பதற்கு நீ ஒருத்திதான் மிச்சம். அம்மா உள்ளே தூங்குகிறாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு, வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்குள் நான் ஒரு காரியம் செய்தாக வேண்டும். அதைச் செய்யத் தைரியம் வருமா என்று பார்க்கத்தான் இந்தக் கடிதம்.

நீ எந்த ஊரில் வளர்ந்திருப்பாய் என்று தெரியவில்லை. நான் இருப்பது புதுச்சேரியில், முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே கடலோரம் இருக்கிற குப்பத்தில். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி நீ பாடப் புத்தகத்தில் படித்திருப்பாய், நான் எழுதவில்லை. கடல் திரும்பிப் போன பிறகு அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கரையோரம் யாரும் குடியிருக்கக் கூடாது, உள்ளே நான்கு கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டித் தருவோம், பழைய மனையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். நல்ல வீடுதான், கான்கிரீட் வீடு. ஆனால் படகும் வலையும் இங்கே கிடக்க, மனிதன் அங்கே படுத்தால் விடிகாலை மூன்று மணிக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது? காலி செய்த இடத்தில் என்ன வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் மனு கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைக் கோயில் சுவரில் முதலில் படித்துச் சொன்னது நான்தான்.

என் அப்பா பஞ்சாயத்தில் ஒருவர். ஊர் கூடி மனு கொடுப்பது என்று முடிவானதும் அவர் வீட்டுக்கு வந்து, “பாப்பா, நீயே எழுதும்மா. ஒன் கையெழுத்து அச்சு போட்டாப்புல இருக்கு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதப் பழகியது இதற்குத்தானா என்று நினைத்தேன். ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்’ என்று எழுதியதை அப்பா அடிக்கச் சொன்னார். “காலுல வுழுவறாப்புல எழுதாத. இடத்த மாத்தாதீங்க, இருக்கற வூட்டயே பலமா கட்டிக் குடுங்கன்னு நேரா எழுது. நம்ம கேக்கறது பிச்சையில்ல.” ஊர்ப் பெரியவரான ராசு பெரியப்பா பக்கத்தில் குந்தியிருந்தவர், “ஐயான்னு ஒரு வார்த்தையாவது போடுடி. அப்புறம் மனுவுன்னு நெனைக்காம மிரட்டல் கடுதாசின்னு எடுத்துக்கப் போறானுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இவருடைய அப்பா மேரிக்கு, அதாவது நகராட்சி ஆபீசுக்கு, ஒரு தெருவிளக்குக்காகப் பதினோரு தடவை மனு கொடுத்தாராம். விளக்கு வந்தபோது வெள்ளைக்காரனே போய்விட்டானாம். அதற்கும் சிரித்தார்கள். அன்று சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனு கொடுத்த பிறகு எங்கள் குப்பத்தில் நான் அந்த மாதிரிச் சிரிப்பைக் கேட்கவில்லை.

மனுவுக்குப் பின்னால் ஊர்ப் பெயர்கள் வர வேண்டும். எங்கள் ஊரில் ஆளை எண்ணுவதில்லை, தலைக்கட்டை எண்ணுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ஆண் பெயர், பஞ்சாயத்து நோட்டில் ஏற்றியிருக்கும். வரி, கோயில் பங்கு, மீன் பங்கு எல்லாம் அந்த நோட்டுப்படிதான். புருஷன் செத்தால் மகன் பெயருக்கு மாறும். மகன் இல்லாத வீட்டில் செத்தவர் பெயரையே விட்டுவைப்பார்கள். அடித்துவிட்டால் அந்த வீட்டுக்குப் பங்கு கிடையாது என்பதால், இரக்கப்பட்டுச் செய்கிற வழக்கம் அது. பொம்பளை பெயர் அந்த நோட்டில் ஏறாது. உன் காலத்தில் இது மாறியிருந்தால் நான் எழுதுவது உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு அப்போது அப்படித் தெரியவில்லை. நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக, கோடு போட்ட வெள்ளைத் தாளில், வரிசை எண் கொடுத்து எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தத் தாள்களை நானே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

தாளையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனேன். கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் ரேகை வைத்தார்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் அஞ்சலை அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மாமா பெயர் கலியபெருமாள். கடல் வந்த அன்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். உடல் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் அவருடைய சட்டையை வைத்துத்தான் காரியம் செய்தார்கள். பஞ்சாயத்தார் எழுதிக் கொடுத்த உறுதியின் பேரில்தான் அத்தைக்கு இறப்புச் சான்றிதழும் நிவாரணமும் விதவை உதவித்தொகையும் கிடைத்தன. இரண்டு பெண் பிள்ளைகள். மகன் இல்லை. அதனால் நோட்டில் இன்னும் மாமா பெயர்தான்.

அத்தை மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மாமா பெயரின் உருவம் மட்டும் அடையாளம் தெரியும்.

“இன்னாடி இது, அவரு பேரு போட்டிருக்கு?”

“தலக்கட்டு நோட்டுல அப்படித்தான் அத்த இருக்கு. பக்கத்துல நீ ரேகை வச்சா போதும்.”

“செத்துப்போனவரு கைக்கு எங்கைய வைக்கச் சொல்றியா? நோட்டுல இருந்தா ஆளு இருக்கறதா ஆயிடுமா? நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். எம்பேர எழுது, வைக்கிறேன்.”

நான் அப்பாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அப்பா பதில் சொல்வதற்குள் ராசு பெரியப்பா முந்திக்கொண்டார். “பொம்பள பேர மனுவுல ஏத்துனா நாளைக்கி நோட்டுல ஏத்தச் சொல்லுவா. அப்புறம் கூட்டத்துல வந்து எம்பக்கத்துல குந்துவா. எனக்கு எடம் பத்தாது.” மறுபடியும் சிரிப்பு. அப்பா மட்டும் சிரிக்காமல், “ஒரு வூடு வுட்டுப்போனாக்கூட ஊரு ஒத்துமையா இல்லன்னு சொல்லிடுவானுங்க பாப்பா. போயி நல்லபடியா எடுத்துச் சொல்லி வாங்கியா” என்றார். நான் மறுபடியும் போனேன். அத்தை கதவைச் சாத்திவிட்டாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு ராத்திரி தாள்களைச் சரிபார்த்தபோது எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது, ஒரே ஒரு கட்டம் காலி. மாமா பெயரை அடித்துவிட்டு அத்தை பெயரை எழுதியிருக்கலாம். பஞ்சாயத்தார் ஒருவரும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அத்தையும் சந்தோஷமாக வைத்திருப்பாள். ஆனால் அடித்தால் பக்கம் அசிங்கமாகும். புதிதாக எழுதினால் அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லோரிடமும் மறுபடி ரேகை வாங்க வேண்டும். பெரியப்பாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால், அவ்வளவு அழகாக எழுதிய பக்கத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து மாமா பெயருக்கு நேரே வைத்தேன். ஆம்பளை விரல் மாதிரி அகலமாகத் தெரியட்டும் என்று விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி வைத்தேன். அதை நினைக்கும்போதுதான், மகளே, எனக்கு உடம்பு கூசுகிறது. தெரியாமல் செய்தவள் உருட்ட மாட்டாள்.

காலையில் அம்மா, “வெரல்ல இன்னாடி மை?” என்றாள். பேனா கசிந்தது என்றேன். அப்பா, “எல்லாம் முழுசா இருக்காம்மா?” என்றார். இருக்கிறது என்றேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. மனுவை மஞ்சள் பையில் வைத்துச் சாமி கும்பிட்டுவிட்டு, ஊரே அவருக்குப் பின்னால் நடந்தது. முத்தியால்பேட்டைக் கடைத்தெரு வழியாக அவர்கள் போகும்போது நான் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். மீன் விற்கிற பொம்பளைகள் கூடையோடு போனார்கள். அஞ்சலை அத்தையும் போனாள், தெரியுமா? தன் பெயர் இல்லாத மனுவுக்காக அவளும் வெயிலில் நடந்தாள். டீச்சர், “அங்க இன்னா வேடிக்கை?” என்று அதட்டியபோது, எங்க ஊரு மனு கொடுக்கப் போகுது டீச்சர் என்று எழுந்து சொன்னேன். அவ்வளவு பெருமை.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் குப்பத்தை மாற்றுவது மறுபரிசீலனையில் இருக்கிறது, மனுதாரர்களை நேரில் சரிபார்த்த பிறகு முடிவெடுக்கப்படும் என்று இருந்தது. நான் உரக்கப் படித்தேன். ஊர் முழுக்கப் பட்டாசு. ஒரு காகிதம் அரசாங்கத்தை நிற்க வைத்துவிட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் மனு கொடுப்பதெல்லாம் வீண் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. எழுதிய ஒவ்வொரு வரியையும் அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். ஒவ்வொரு விரலையும் பார்க்கிறார்.

போன வாரம் ஒரு அதிகாரி வந்தார். கோயில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். மடியில் மனுவின் நகல், பக்கத்தில் கடலில் இறந்தவர்களின் பட்டியல். “கலியபெருமாள். யாருப்பா, வரச் சொல்லு” என்றார். பின்னாலிருந்து ஒருவர், “அவரு செத்துட்டாரு சார், கடலு வந்தப்ப” என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப ரெண்டு மாசம் முன்னாடி ரேகை வச்சது யாரு? ஆவியா?” கூட வந்த ஆள் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. “செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்ததும் இதே பஞ்சாயத்து. ஒப்புதல்னு ரேகை வாங்கிக் குடுத்ததும் இதே பஞ்சாயத்து. ரெண்டுல எது பொய்? எதுவா இருந்தாலும், மத்த சாவையெல்லாமும் நான் திரும்ப விசாரிக்கணும். மத்த ரேகையெல்லாமும் சந்தேகம்தான்.” மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அத்தையைக் கூப்பிட்டு, நீ வைத்தாயா என்றார். நான் வைக்கவில்லை என்றாள். தாள் நகல் என்பதால் ரேகை திட்டாகத்தான் தெரிந்தது. அசலை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம், அடுத்த வாரம் அத்தையும் பஞ்சாயத்தில் ஒருவரும் ஆபீசுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அம்மாவுக்குப் பின்னால், இடது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த மாதமே அத்தைக்கு உதவித்தொகை வரவில்லை. குழாயடியில், “ராத்திரியில கலியபெருமாளு வந்துட்டுப் போறாராமே? எங்க ஒளிச்சி வச்சிருக்கா?” என்று சாடையாகப் பேசினார்கள். தேவி, அத்தையின் பெரிய பெண், ஏழு வயது, அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, “அப்பா எங்கம்மா ஒளிஞ்சிருக்கு?” என்று கேட்டாளாம். நேற்று பஞ்சாயத்து கூடியது. அஞ்சலைதான் உதவித்தொகை போய்விடாமலும் பங்கு போய்விடாமலும் இருக்க இரண்டு பக்கமும் ஏமாற்றிவிட்டாள், பஞ்சாயத்துக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். “ஒரு ஆளு போனா ஊரு பொழைக்கும்” என்றார் பெரியப்பா. நாளைக் காலை பத்து மணிக்கு அதை அந்த ஆபீசில் சொல்ல வேண்டியவர் என் அப்பா. ராத்திரி அவர் சாப்பிடவில்லை. “அவ எந்தங்கச்சி” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு படகுப் பக்கம் போனவர் இன்னும் வரவில்லை.

இதுவரை சொன்னதற்கே நீ என்னைக் காறித் துப்பலாம். ஆனால் இதை எழுத வைத்தது இது இல்லை. இன்று சாயங்காலம் அஞ்சலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அத்தை தலைவாரிப் பூ வைத்திருந்தாள், மகளே. இரண்டு வருடத்துக்குப் பிறகு. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கையைத்தான்.

“பாப்பா, நீதான அந்தத் தாள வச்சிருந்த. நல்லா யோசிச்சிச் சொல்லு. அவரு பெருவெரல்ல ஒரு வெட்டு இருக்கும், சின்னதுல முள்ளு கிழிச்சது. குறுக்கால போவும். அந்த ரேகையில குறுக்கால ஒரு கோடு இருந்திச்சா?”

“எனக்குத் தெரியல அத்த.”

“நான் வைக்கல. நீ எங்கிட்ட ரெண்டு வாட்டி வந்த, நான் தொரத்தி உட்டேன். அப்ப வேற யாரு வச்சிருப்பா? அவரு பேருக்கு நேரா வேற யாருக்கு இன்னா வேல? எல்லாரும் நான் பொய் சொல்றேன்றாங்க. நான் வைக்கலன்றது எனக்குத் தெரியுமில்ல. ஒடம்பக்கூட நான் பாக்கலடி. சட்டைய வச்சித்தான எரிச்சோம். எங்கனா அடிச்சிக்கினு போயி, புத்தி கலங்கி, இப்பத்தான் ஊரு நெனப்பு வந்து…” அதற்கு மேல் சொல்லாமல் சிரித்தாள். “கோவமா இருப்பாரு. சட்டைய எரிச்சிட்டீங்களேன்னு கேப்பாரு.”

எல்லோரும் அவளைத் திருடி என்கிறார்கள். தான் திருடவில்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும். அந்த ஒரு உண்மையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். நாளை ஆபீசில் அவள் விரலை வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தாது. பொருந்தவில்லை என்றதும் அதிகாரிக்குச் சந்தேகம் கூடும், அத்தைக்கு நிச்சயமாகிவிடும். அதன் பிறகு அவள் கரையில் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? என் விரலை வைத்துப் பார்த்தால் மட்டும்தான் பொருந்தும். அதை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் அறிவேன். இப்போது நீயும்.

நான் சொன்னால் என்ன ஆகும் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். பள்ளிக்கூடம் நின்றுவிடும். போலீஸ் வரலாம். அவர் மகளே எழுதி அவளே ரேகையும் வைத்திருக்கிறாள் என்று அப்பாவைப் பஞ்சாயத்திலிருந்து தள்ளிவிடுவார்கள். மனு தள்ளுபடியாகலாம். அப்படியானால் நான்கு கிலோமீட்டர் உள்ளே போய்க் கிடக்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் என் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். ஒருவேளை ஒரு ரேகைதான் பொய், மற்றதெல்லாம் உண்மை என்று தெரிந்தால் மனு பிழைக்கவும் செய்யலாம். எனக்குத் தெரியவில்லை. ஆனால் பயமெல்லாம் அதற்கு இல்லை. அதிகாரியிடம் சொல்லிவிடுவேன், அது வெறும் வார்த்தை. பூ வைத்துக்கொண்டு வந்த அத்தையிடம், உன் புருஷன் வரவில்லை, அது என் விரல் என்று சொல்ல வேண்டும். ஆபீசில், அத்தனை ஆண்கள் முன்னால், அதிகாரி வாயால் அவள் அதைக் கேட்கக் கூடாது. அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மாமாவை அவளுக்கு இரண்டாம் தடவை சாகடிக்கப் போகிறவள் நான்தான் என்றால், அதை நானே, அவள் வீட்டில், அவள் பிள்ளைகள் தூங்கும்போது செய்ய வேண்டும்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை, மகளே. உன் ஊருக்கும் ஒருநாள் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும். அப்போது நீ எழுது, கட்டாயம் எழுது. ஒருத்தி தன் பெயரை எழுதச் சொன்னால் அவள் பெயரை எழுது. பக்கம் அசிங்கமானால் ஆகட்டும். காலியாக இருக்கிற கட்டம் காலியாகவே இருக்கட்டும். அந்த வெற்றிடமும் ஒரு செய்திதான், அதைப் படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள்.

விடிவதற்கு முன்னால் அத்தை வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். நாலு மணிக்கு அவள் மீனெடுக்கக் கிளம்புவாள், அதற்கு முன்னால். முதல் வார்த்தையை எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. அத்தை, நான் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தால் அவள் உடனே மாமாவைப் பற்றித்தான் என்று முகம் மலர்ந்து

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். இது மெதுவாக, பயந்து பயந்து தட்டுகிற மாதிரி இருக்கிறது.

“பாப்பா, வெளக்கு எரியுதே. முழிச்சிக்கினுதான இருக்க? நான் அத்தடி. கரையில யாரோ நிக்கறாப்புல இருக்கு, தொணைக்கி வரியா?”

நான் திறக்கிறேன்.